294(பி), 323, 506(2): குற்ற வழக்கின் எதிர்வாதம் எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் எந்தக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலைப் பார்த்தாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் ஒரே பிரிவு எண்கள் திரும்பத் திரும்ப வரும்: 294(பி), 323, 324, 506(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது. வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு, குழாயடிச் சண்டை, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற சச்சரவு என எல்லாமே கடைசியில் இந்த நான்கு எண்களுக்குள் வந்து விழுகின்றன. 2024 ஜூலை 1 அன்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்ததும் இவை முறையே 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால் இரண்டு வரிசை எண்களும் இன்னும் பல ஆண்டுகள் சேர்ந்தேதான் புழங்கும்.

வீட்டில் ஒருவர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்றால் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி ஜாமீன் கிடைக்குமா என்பது. அது நியாயமான கேள்விதான். ஆனால் வழக்கை எப்படி எதிர்கொள்வது என்ற யோசனை, பல மாதம் கழித்து சாட்சி விசாரணை தொடங்கும்போதுதான் பலருக்கு வருகிறது. அதற்குள் எதிர்வாதத்துக்கு வேண்டிய பொருளில் பாதி கைநழுவிப் போயிருக்கும். குறுக்கு விசாரணையில் வக்கீல் காட்டும் சாமர்த்தியம் பிறகு வருவது. சம்பவம் நடந்த முதல் இரண்டு மூன்று நாளில் உருவாகும் காகிதங்களில்தான் எதிர்வாதத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

ஒவ்வொரு குற்றப் பிரிவும் சில கூறுகள் சேர்ந்தது. அந்தக் கூறுகள் அத்தனையையும் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பிரிவு நிற்காது. குற்றம் சாட்டப்பட்டவர், கீழமை நீதிமன்ற ஆவணங்களில் எழுதுவதுபோல் ‘எதிரி’, தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) கூறு சொல்கிறது. ஆக, எதிர்வாதத்தின் முதல் வேலை பிரிவைப் படித்து, எந்தக் கூறு இந்தச் சம்பவத்தில் இல்லை என்று பார்ப்பது.

294(பி)-யையே எடுத்துக்கொள்வோம். பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசமான வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதனால் பிறருக்குத் தொல்லை ஏற்பட்டிருக்க வேண்டும். புகாரிலோ “ஆபாச வார்த்தைகளால் திட்டினார்” என்று ஒரே வரி இருக்கும். என்ன வார்த்தை? யார் காதில் விழுந்தது? வீட்டுக் கொல்லைப்புறம் பொது இடமா? இதற்குப் பல வழக்குகளில் பதிலே இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், இழிவாகவோ அவமானப்படுத்தியோ பேசியதால் மட்டும் இந்தப் பிரிவு பொருந்தாது, சொன்ன சொல் சட்டத்தின் பொருளில் ஆபாசமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்படியும் இந்தப் பிரிவு ஓயாமல் சேர்க்கப்படுகிறது. என் கணிப்பில் அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. வெறும் கையால் அடித்த குற்றத்தில், அதாவது 323-இல், நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. 294(பி) அப்படியல்ல, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். அத்தகைய பிரிவு ஒன்று கூட இருந்தால் மற்ற பிரிவுகளையும் சேர்த்தே விசாரிக்கலாம். திட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் வழக்கின் கதவு திறந்துகொள்கிறது.

506(2)-ம் இதே கதைதான். “உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்” என்று கோபத்தில் கத்தியது மட்டும் போதாது. எதிரில் இருப்பவருக்குப் பீதி உண்டாக்கும் எண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மிரட்டப்பட்டதாகச் சொல்பவர் அடுத்த நாள் அதே தெருவில் வழக்கம்போல் கடை திறந்து வியாபாரம் பார்த்தார் என்றால், அதைக் குறுக்கு விசாரணையில் அவர் வாயாலேயே வரவழைப்பதுதான் எதிர்வாதம். சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் இதற்கு, இப்போதைய 351(3)-க்கு, ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

காயம் உள்ள வழக்குகளில் எல்லாவற்றுக்கும் மேலான ஆவணம் ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அடிபட்டவர் வந்ததும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் குறிப்பு, ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, எங்கே, எத்தனை பேர், எதனால் தாக்கியதாகச் சொன்னார் என்று அதில் இருக்கும். “தெரிந்த 2 நபர்கள் கட்டையால் தாக்கியதாக” என்று மருத்துவரிடம் இரவு 8 மணிக்குச் சொன்னவர், மறுநாள் காலை ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் ஆறு பேர் பெயரைச் சொல்லி, அரிவாள், இரும்புக் கம்பி என்று எழுதியிருப்பார். அப்பா, தம்பி, மைத்துனர், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் வரை எல்லோரும் ஏ1 முதல் ஏ6 வரையிலான எதிரிகள் ஆகிவிடுவார்கள். காவல் நிலையத்துக்கும் குடும்பப் பகைக்கும் இடையில் நடந்த யோசனை எதுவும் கலக்காமல், வலியோடு முதலில் சொன்ன வார்த்தை ஏ.ஆர். காப்பியில் இருக்கிறது. அதனால்தான் நீதிபதிகள் அதை உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். மருத்துவரின் வேலை சிகிச்சை, யார் அடித்தார் என்று விசாரிப்பது அல்ல என்று அரசுத் தரப்பு பதில் சொல்லும். அதுவும் ஏற்கத்தக்க வாதமே. ஆனாலும் இரண்டு பேர் ஆறு பேர் ஆனதற்கு யாராவது விளக்கம் சொல்லியாக வேண்டும்.

காயத்தின் தன்மையும் அங்கேதான் முடிவாகிறது. சிராய்ப்பா, வீக்கமா, எலும்பு முறிவா? எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ அது கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு என்றால் கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை. எலும்பு முறிவு என்று சான்றிதழ் சொல்கிறது, ஆனால் எக்ஸ்ரே படமும் கதிரியக்க மருத்துவரின் அறிக்கையும் நீதிமன்றத்துக்கு வரவில்லை என்றால் அந்த ஓட்டை வழியாகவே பிரிவு கீழே இறங்கிவிடும்.

அடுத்து எஃப்.ஐ.ஆர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பழகிய வக்கீல் முதலில் பார்ப்பார். முதல் தகவல் அறிக்கையை உடனடியாக நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வந்து சேர்ந்ததும் நடுவர் அதில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுவார். காலை 9 மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் எஃப்.ஐ.ஆர்., பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நடுவர் கைக்கு மறுநாள் மாலை போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் இருந்த நேரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி எழும். தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. விளக்கம் இல்லாத தாமதமும் கூடிக்கொண்டே போகும் எதிரிகளின் எண்ணிக்கையும் சேர்ந்தால் உடைக்கும்.

சண்டை வழக்குகளில் இரு தரப்பிலும் அடி விழுந்திருக்கும். ஆகவே இரண்டு வழக்குகள், அதாவது வழக்கும் கவுண்டர் வழக்கும், பதிவாவது சகஜம். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை சொல்கிறது. ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்து இரண்டிலும் அடுத்தடுத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இங்கே குடும்பங்கள் செய்யும் தவறு, தங்கள் தரப்பில் அடிபட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகாமல் இருப்பது. “போனால் நாமும் சண்டை போட்டதாக ஆகிவிடும்” என்ற பயம். உண்மையில் எதிரியின் உடலில் இருந்த பலத்த காயத்தை அரசுத் தரப்பு மறைத்தால், அவர்கள் சம்பவத்தின் தொடக்கத்தையே மறைக்கிறார்கள் என்று முடிவு செய்யலாம் என 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தற்காப்பு உரிமைக்கும் அதுவே அடித்தளம். நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையைத் தருகின்றன. தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எதிரிக்கு இல்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலத்திலிருந்தே அதை எடுத்துக் காட்டலாம்.

திருட்டு, வழிப்பறி வழக்குகளுக்கு வேறு ஒரு முகம். அங்கே நேரில் பார்த்த சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. வழக்கே ஒப்புதல் வாக்குமூலத்தின் மேல் நிற்கும்: சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றவரைப் பிடித்தோம், வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் முன்னிலையில் அவர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார், “என்னுடன் வந்தால் நகையை எடுத்துக் காட்டுகிறேன்” என்றார், மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றல் குறிப்பு, எழுதிக் கைப்பற்றினோம். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் விதி. இன்று அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. ஒரு விலக்கு மட்டும் உண்டு. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்புக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். அதன் எல்லையை ஆங்கிலேயர் காலத்திலேயே, லண்டனில் இருந்த அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரைந்தது. கத்தியை ஒளித்து வைத்த இடம் எனக்குத் தெரியும் என்பது ஏற்கப்படும். அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பது ஏற்கப்படாது.

எனவே எதிர்வாதம் மகஜரைச் சுற்றியே போகும். பொருள் இருந்த இடம் யாரும் வந்து போகும் புதரா, எதிரியின் பூட்டிய அறையா? அந்த இடம் போலீசுக்கு முன்பே தெரியுமா? வி.ஏ.ஓ. அன்று அலுவலகப் பணியில் எங்கே இருந்தார்? நகையில் அடையாளம் என்ன. சந்தையில் ஆயிரக்கணக்கில் விற்கும் அதே மாதிரிச் சங்கிலியா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் அந்தப் பதிவு எங்கே என்பதே வக்கீலின் முதல் மனுவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல்முறைத் திருட்டு, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான் என்ற புதிய விதியும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

இந்த இடத்தில் ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் இடும் உத்தரவு, பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்பதைப் போலீஸ் எழுத்தில் பதிய வேண்டும், அவசியமில்லை என்றால் ஆஜராகும்படி நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது “போலீஸ் அடித்தார்களா?” என்ற கேள்வியும் உடலில் காயம் இருக்கிறதா என்ற பார்வையும் ஒப்புக்குச் செய்யும் சடங்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் பலிகொடுத்துப் பார்த்துவிட்டோம். ரிமாண்டின்போதே வக்கீல் உடன் இருப்பதுதான் முதல் எதிர்வாதம். பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மோசடிக்கான 420, இப்போது 318(4), தனி ரகம். கடன் வாங்கித் திருப்பித் தராதது, சொன்ன தேதியில் வீட்டைக் கட்டித் தராதது, கூட்டு வியாபாரத்தில் கணக்குக் காட்டாதது எல்லாம் மோசடிப் புகாராக வரும். மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கி, பிறகு முடியாமல் போனது சிவில் வழக்கு. ஆகவே, பணம் வாங்கிய பிறகு சில தவணைகளாவது கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சு, எழுதிய ஒப்பந்தம் இவைதான் எதிர்வாதம். ஒரே பணத்துக்காக மோசடியும் நம்பிக்கை மோசடியும் சேர்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டதை 2024-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஒன்றில் தொடக்கத்திலேயே வஞ்சகம். மற்றதில் நேர்மையாக ஒப்படைத்த பொருளைப் பிறகு கையாடுவது. ஒரே செயலுக்கு இரண்டும் பொருந்தாது. பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கில் மட்டும் நிலைமை தலைகீழ்: கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று சட்டம் அனுமானிக்கும். வட்டிக்காரரிடம் வெற்றுக் காசோலை கொடுத்துச் சிக்கியவர்கள் அதை மறுக்க, அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப் புகார்தாரருக்கு வசதி இருந்ததா, வருமான வரிக் கணக்கில் காட்டினாரா என்ற கேள்விகளில் தொடங்க வேண்டும். நோட்டீஸ் வந்தவுடன் பதில் நோட்டீஸ் அனுப்பாமல் விட்டவர்களின் வழக்கு பாதி அங்கேயே பலவீனமாகிவிடுகிறது.

கஞ்சா வழக்குகளில் எடைதான் எல்லாம். ஒரு கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தபட்சமே பத்தாண்டு. வணிக அளவு என்றால் ஜாமீனும் மிகக் கடினம். சட்டத்தின்படி கஞ்சா என்பது பூவோ காயோ உள்ள நுனிப் பகுதி; அந்த நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அதில் சேராது. செடியை வேரோடு பிடுங்கி மொத்தமாக நிறுத்து 21 கிலோ என்று எழுதினால், அதில் எத்தனை கிலோ உண்மையில் கஞ்சா என்ற கேள்வியில் பத்தாண்டுச் சிறை தொங்குகிறது. மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுத்தார்களா, முத்திரை சேதமில்லாமல் ஆய்வகத்துக்குப் போனதா என்பதும் முக்கியம். போதைப் பொருள் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

கொலை வழக்கில் எல்லா எதிர்வாதமும் “நான் செய்யவில்லை” என்பதாக இருக்காது. செய்தது உண்மை, ஆனால் அது கொலை அல்ல, மரணம் விளைவித்தாலும் கொலை அளவுக்குப் போகாத குற்றம் என்று வாதிடுவதும் உண்டு. திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லாமை, கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒரே அடி, இவை இருந்தால் ஆயுள் தண்டனை பத்தாண்டுக்குள் இறங்கலாம். கடும் கோபமூட்டல் என்ற விலக்கு, அது திடீரென நேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கணக்கில் அடியும் அவமானமும் பட்ட ஒரு பெண்ணுக்கு எது திடீர்? குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்து, கொலைக் குற்றவாளியாக நின்ற ஒரு தாயின் வழக்கில் 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. நம் கிராமங்களில் பாடப்படும் நல்லதங்காளின் பெயராலேயே அந்த மனநிலையைக் குறித்து, நீடித்த கோபமூட்டலும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் காரணமாகலாம் என்றது. சட்டப் புத்தகத்தில் இல்லாத விலக்கு அது. நாட்டுப்புறக் கதை ஒன்று நீதிபதிக்குச் சட்டத்தின் போதாமையைக் காட்டியிருக்கிறது. குற்றவியல் நீதியில் நாம் பெருமைப்பட வேண்டிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று என்பேன்.

விசாரணையில் சாட்சி கூண்டில் ஏறும்போது வக்கீல் கையில் இருப்பது, புலன்விசாரணையில் போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தின் நகல். சாட்சி அதில் கையெழுத்திட்டிருக்க மாட்டார். அரசுத் தரப்பு அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தவும் முடியாது. கூண்டில் சொல்வதற்கும் அதற்கும் உள்ள முரணைக் காட்டத்தான் அது. “அரிவாளால் தலையில் வெட்டினார் என்று போலீசிடம் சொன்னீர்களா?” என்ற கேள்விக்கு “சொன்னேன்” என்ற பதில் வரும், விசாரணை அதிகாரியிடம் கேட்டால் “அவ்வாறு சொல்லவில்லை” என்பார். முரண் அங்கே பதிவாகிறது. எல்லாச் சாட்சியும் முடிந்தபின் நீதிபதி எதிரியிடமே கேள்வி கேட்பார்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351. பெரும்பாலோர் ஒவ்வொன்றுக்கும் “பொய்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே விளக்கம் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். சம்பவத்தின்போது வேறு ஊரில் இருந்தேன் என்பதற்குப் பயணச்சீட்டு, வேலையிடத்து வருகைப் பதிவு ஏதாவது இருந்தால் அதைச் சொல்ல அதுவே சரியான இடம்.

சின்ன வழக்குதானே, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம் என்று கோர்ட் வாசலில் ஆலோசனை சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அதன்பின் தண்டனையின் அளவு, சட்டத்தன்மை பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம், குற்றமே இல்லை என்று வாதிட முடியாது. ராஜியாகப் போய்ச் சாட்சிகள் பிறழ்ந்து, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, விடுதலை ஆனாலும் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. தமிழ்நாடு காவல் துறைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விதியை ஏற்றது. தெருச் சண்டையில் பேருக்குச் சேர்க்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன், எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேறிய பிறகு, பழைய 294(பி) வழக்குக்காக வேலையை இழப்பது இப்படித்தான். அப்படிப்பட்டவருக்காக வழக்கை நடத்தும் வக்கீல், சாட்சி பிறழ்ந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏ.ஆர். காப்பியில் அந்தப் பையன் பெயரோ அடையாளமோ இல்லை என்பதை மருத்துவரின் சாட்சியத்திலும் விசாரணை அதிகாரியின் குறுக்கு விசாரணையிலும் பதிய வைக்க வேண்டும். அப்போதுதான், அவர் சம்பவத்தில் இல்லவே இல்லை என்று நீதிபதி தீர்ப்பில் எழுதுவதற்கு ஆதாரம் இருக்கும்.